கெல்ப் காடுகளுக்கு ஒரு கப்பல்: கடல் அமிலமாவதை அளக்கப் போவது எப்படி?

கடல்நீரின் அமிலத்தன்மை கூடி வருகிறது என்ற செய்தியை நாம் அடிக்கடி வாசிக்கிறோம். ஆனால் அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்க்க முடியாது. நீரின் நிறம் மாறுவதில்லை, மணம் மாறுவதில்லை, நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் தெரிவதில்லை. அப்படியானால் அது நடக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? யாரோ ஒருவர் அந்த இடத்துக்குப் போய், நீரை எடுத்து, ஒழுங்காக அளந்து, திகதியுடன் எழுதி வைத்திருக்கிறார் என்பதுதான் விடை. அப்படிப் போய்வருவதற்கு எவ்வளவு ஆயத்தம் தேவை என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறேன்.

உதாரணமாக நான் எடுத்துக்கொள்வது வட பசிபிக்கில் உள்ள அலூசியன் தீவுகளை. அலாஸ்காவிலிருந்து ரஷ்யாவின் கம்சட்கா திசையில் ஏறத்தாழ 1,900 கிலோமீற்றர் தூரத்துக்கு வில்போல் வளைந்து கிடக்கும் தீவுக்கூட்டம் அது. அங்குள்ள கெல்ப் காடுகள் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகின்றன. அந்தத் தீவுகளுக்கு ஒரு போர்க்கதையும் உண்டு. பயணத்தைத் திட்டமிடுபவர் அந்தக் கதையையும் தெரிந்திருக்க வேண்டும்.

அமிலமாதல் என்றால் என்ன?

நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றிலிருந்து வெளியேறும் காபனீரொட்சைட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது. அது நீரில் கரையும்போது காபோனிக் அமிலம் உருவாகி, ஐதரசன் அயன்கள் பெருகுகின்றன. கைத்தொழில் யுகத்துக்கு முன்னர் 8.2 அளவில் இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் சராசரி பீஎச் பெறுமானம் இன்று ஏறத்தாழ 8.1 ஆகக் குறைந்துள்ளது. பீஎச் அளவுகோல் மடக்கை அளவுகோல் என்பதால், இந்தச் சிறிய வித்தியாசம் ஐதரசன் அயன்களில் ஏறத்தாழ 30 சதவீத அதிகரிப்பைக் குறிக்கிறது. கடல் இன்னமும் காரத்தன்மை உடையதுதான். அது எந்தத் திசையில் நகர்கிறது என்பதையே 'அமிலமாதல்' என்ற சொல் சுட்டுகிறது.

இதனால் முதலில் பாதிக்கப்படுபவை கல்சியம் காபனேற்றினால் ஓடும் எலும்புக்கூடும் கட்டும் உயிர்கள். சிப்பி, சங்கு, முருகைக்கல், சுண்ணாம்புப் பாசி ஆகியன இந்த வகையைச் சேர்ந்தவை. நீரில் காபனேற்று அயன்கள் குறையக் குறைய, இவை தமது உடலைக் கட்டுவதற்குக் கூடுதல் சக்தியைச் செலவிட நேர்கிறது. குளிர்ந்த நீர் காபனீரொட்சைட்டைக் கூடுதலாகக் கரைத்து வைத்திருக்கும். அதனால் வட பசிபிக் போன்ற குளிர்கடல்களில் இந்த நெருக்கடி முந்தி வருகிறது.

நீர்நாய், முள்ளெலி, பாசி

கெல்ப் என்பது குளிர்ந்த, போசணை நிறைந்த கடல்களில் பாறைகளைப் பற்றிப்பிடித்து வளரும் பெரிய பழுப்புப் பாசி. அது கூட்டமாக வளரும் இடங்களில் கடலுக்கடியில் உண்மையாகவே ஒரு காடு உருவாகிறது. மீன்களும் நண்டுகளும் அதற்குள் வாழ்கின்றன.

அந்தக் காட்டின் அடித்தளத்தில் கிளாத்ரோமோர்பம் எனப்படும் செந்நிறச் சுண்ணாம்புப் பாசி பாறைபோல் திட்டுத் திட்டாக வளர்கிறது. ஆண்டுக்கு அரை மில்லிமீற்றருக்கும் குறைவாகவே அது தடிக்கும். மரத்தின் வளையங்களைப்போல ஆண்டுக்கொரு படை அதில் பதிகிறது. நூற்றாண்டுகள் பழமையான திட்டுகளும் உள்ளன. அதன் கல்சைற்றில் மகனீசியம் அதிகம் என்பதால், அமிலம் கூடும் நீரில் அது எளிதாகக் கரையக்கூடியது.

இந்தக் காட்டைக் காப்பது கடல் நீர்நாய். அது கடல் முள்ளெலிகளைத் தின்கிறது. முள்ளெலிகளோ கெல்ப் பாசியைத் தின்கின்றன. தோல் வியாபாரத்துக்காக 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் வேட்டையாடப்பட்டு அழிவின் விளிம்புக்குப் போன நீர்நாய்களுக்கு 1911ஆம் ஆண்டு உடன்படிக்கை பாதுகாப்பளித்தது. நீர்நாய் உள்ள தீவுகளில் காடும், நீர்நாய் இல்லாத தீவுகளில் முள்ளெலி மட்டுமே மண்டிய வெறும் பாறையும் இருப்பதை ஜேம்ஸ் எஸ்டெஸ், ஜோன் பல்மிசானோ ஆகியோர் 1974இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பின்னர் 1990களில் நீர்நாய்கள் மீண்டும் சரிந்தன. கொலைத் திமிங்கிலங்கள் அவற்றை வேட்டையாடத் தொடங்கியதே அதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. பல தீவுகளில் காடுகள் வெறும் பாறைகளாயின.

கெல்ப் தீர்ந்துபோன இடங்களில் முள்ளெலிகள் சுண்ணாம்புப் பாசித் திட்டுகளைத் துளைக்கத் தொடங்கின. டக்ளஸ் ரஷரும் அவரது சக ஆய்வாளர்களும் 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, கைத்தொழில் யுகத்துக்கு முற்பட்ட நிலைமைகளோடு ஒப்பிடுகையில், இன்றைய வெப்பத்திலும் அமிலத்தன்மையிலும் முள்ளெலிகள் இத்திட்டுகளை அரிக்கும் வேகம் 34 முதல் 60 சதவீதம் வரை அதிகம். நீர் மாறியதால் பாசியின் சுண்ணாம்புக் கூடு பலவீனமடைந்துள்ளது. முன்னைய ஆண்டுகளில் முள்ளெலிகள் கடித்த தழும்புகளும் அதன் ஆண்டுப் படைகளில் பதிந்திருந்தன. அதாவது இந்தத் திட்டு பாதிக்கப்பட்ட உயிராக இருப்பதோடு, நடந்ததைப் பதிந்து வைத்திருக்கும் சாட்சியாகவும் இருக்கிறது. சாட்சி அரிக்கப்பட்டுப் போவதற்கு முன் அதன் பதிவை எடுத்துவிட வேண்டும் என்பதால்தான் பயணத்துக்கு அவசரம்.

முதலில் கேள்வி, பிறகு கப்பல்

பயணத்தைத் திட்டமிட உட்காரும்போது பலர் கப்பலிலிருந்து தொடங்குவார்கள். நான் கேள்வியிலிருந்து தொடங்கச் சொல்வேன். 'கெல்ப் காட்டில் அமிலமாதலை ஆராய்வது' என்பது ஒரு விருப்பம் மட்டுமே. 'கெல்ப் உள்ள இடத்திலும், அது அழிந்த இடத்திலும், சுண்ணாம்புப் பாசியை ஒட்டிய நீரின் வேதியியல் எவ்வாறு வேறுபடுகிறது?' என்பது கேள்வி. கெல்ப் பகலில் ஒளித்தொகுப்புக்காகக் காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்வதால் சுற்றியுள்ள நீரின் பீஎச் உயரும். இரவில் சுவாசத்தால் குறையும். ஆகவே ஒரு தீவில் காலையிலும் இன்னொரு தீவில் மாலையிலும் நீரை எடுத்து ஒப்பிட்டால், கிடைப்பது தீவுகளின் வித்தியாசமா நேரத்தின் வித்தியாசமா என்று சொல்ல முடியாது. கேள்வி தெளிவானால்தான் எத்தனை இடங்கள், எத்தனை ஆழங்கள், எந்த மணி, எத்தனை போத்தல்கள் என்பன தெளிவாகும்.

அதன் பின்னரே கப்பல். இந்தத் தீவுகளில் பெரும்பாலானவற்றில் இன்று ஆள் நடமாட்டம் இல்லை. கப்பலே விடுதி, கப்பலே ஆய்வுகூடம், கப்பலே வைத்தியசாலை. ஆய்வுக் கப்பல்களுக்கு ஓராண்டுக்கு மேல் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பெரிய கப்பல் பாறைக்கரைக்கு அருகே போக முடியாது. சிறு படகுகளும் அவற்றை இறக்கி ஏற்றும் பாரந்தூக்கியும் அவசியம்.

நாட்கணக்கு இன்னும் முக்கியம். டச்சுத் துறைமுகத்திலிருந்து மேற்குக் கோடியிலுள்ள அட்டு தீவு 1,300 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தில் உள்ளது. மணிக்கு 10 கடல் மைல் வேகத்தில் போனால் மூன்று நாட்கள். 21 நாள் பயணத்தில் போக மூன்று, வர மூன்று, காற்றுக்கும் மூடுபனிக்கும் ஐந்து நாட்கள் கழித்தால் எஞ்சுவது பத்து நாட்களே. கோடையில்கூட அங்கு புயல் வரும். அந்த ஐந்து நாட்களை ஒதுக்காமல் போடும் திட்டத்தில், சுழியோடிகள் இறங்கக் கூடாத நாளில் இறங்கும் நெருக்குதல் வரும். விபத்துகள் பெரும்பாலும் அப்படியான நாட்களில்தான் நடக்கின்றன.

போர் விட்டுச் சென்றவை

1942 ஜூன் மாதத்தில் ஜப்பானியப் படைகள் டச்சுத் துறைமுகத்தின்மீது குண்டு வீசி, கிஸ்கா, அட்டு தீவுகளைக் கைப்பற்றின. அட்டு தீவின் பூர்வீக உனங்கன் மக்கள் ஜப்பானின் ஒட்டாரு நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்; பலர் அங்கேயே இறந்தனர். மறுபுறம், அமெரிக்க அரசு ஏனைய ஒன்பது கிராமங்களைச் சேர்ந்த 881 உனங்கன் மக்களை வெளியேற்றி, தென்கிழக்கு அலாஸ்காவில் கைவிடப்பட்டிருந்த மீன் தகரத் தொழிற்சாலைகளிலும் அதுபோன்ற கட்டடங்களிலும் தங்கவைத்தது. அந்த முகாம்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் இறந்தார். போர் முடிந்தும் அட்டு மக்கள் தமது தீவுக்குத் திரும்ப அனுமதிக்கப்படவில்லை. அட்கா தீவில் குடியேற்றப்பட்டனர். 1988இல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் மன்னிப்புக் கோரி இழப்பீடு வழங்கச் சட்டம் இயற்றியது. இந்த வரிகளை எமது வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பயணத் திட்டத்தில் இது ஏன் வருகிறது? முதற்காரணம் நேரடியானது. கிஸ்கா, அட்டு, அடாக் தீவுகளில் வெடிக்காத குண்டுகள் இன்றும் உள்ளன. எங்கே நங்கூரம் போடலாம், எங்கே கரையேறலாம், அடியில் உலோகப் பொருள் கண்டால் என்ன செய்வது என்பன எழுத்தில் இருக்க வேண்டும். விதி எளிது: தொடாதே, குறித்துக்கொள், விலகிப் போ. அம்சிட்கா தீவில் 1965, 1969, 1971ஆம் ஆண்டுகளில் நிலத்துக்கடியில் அணுகுண்டுகளும் பரிசோதிக்கப்பட்டன. இரண்டாவது காரணம் உரிமை பற்றியது. அந்தக் கடலோடு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக வாழ்ந்த மக்களின் சந்ததியினர் இன்றும் உனலாஸ்காவிலும் அட்காவிலும் வாழ்கின்றனர். என்ன அளக்கப் போகிறோம் என்பதைப் புறப்படுமுன் அவர்களிடம் சொல்வதும், முடிவுகளை அவர்களிடம் திருப்பிக் கொண்டுசேர்ப்பதும் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும்.

அனுமதிகளும் பல. தீவுகளின் பெரும்பகுதி வனவிலங்குப் புகலிடமாகும். கடற்சிங்கங்கள் குட்டி ஈனும் சில இடங்களைச் சுற்றி மூன்று கடல் மைல் தூரத்துக்குக் கப்பல்கள் நுழையத் தடையுண்டு. மாதிரி சேகரிக்கத் தனி அனுமதி வேண்டும். கப்பலில் எலி இல்லை என்பதையும் உறுதிசெய்ய வேண்டும். எலி ஒன்று கரையேறினால் நிலத்தில் கூடு கட்டும் கடற்பறவைகள் அழிந்துவிடும்.

சுழியோடிகளின் உயிர்

நீர் வெப்பநிலை கோடையிலும் பத்துப் பாகைக்குக் கீழேதான். அதனால் நீர் உட்புகாத உலர் உடை அணிய வேண்டும். அதைப் பழகாதவர் அங்கே போய்ப் பழக முடியாது. குழுவினர் எல்லோரும் ஊரிலேயே அதே உடையுடன் பலமுறை இறங்கிப் பயின்றிருக்க வேண்டும். நீரோட்டம் பலமான இடங்களில், வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் நீர் நின்றுநிதானிக்கும் குறுகிய நேரத்தில் மட்டுமே இறங்கலாம்.

மிகப் பெரிய ஆபத்து அமுக்கம் சார்ந்தது. 20 மீற்றர் ஆழத்தில் உடல்மீது மூன்று வளிமண்டல அமுக்கம் இருக்கும். அப்போது சுவாசிக்கும் வாயுவிலுள்ள நைதரசன் இழையங்களில் கரைகிறது. விரைவாக மேலே வந்தால் அது குமிழ்களாகி மூட்டுகளையும் முள்ளந்தண்டு நரம்பையும் தாக்கும். அதற்குரிய சிகிச்சை, நோயாளியை அமுக்க அறைக்குள் வைத்து ஒட்சிசன் கொடுப்பது. அந்தத் தீவுகளின் கடலிலிருந்து அப்படியொரு அறைக்குப் போவதற்கே நாட்கள் எடுக்கலாம். விமானத்தில் ஏற்றினால் உயரத்தில் அமுக்கம் குறைந்து நிலைமை மோசமாகலாம்.

ஆகவே திட்டம் இப்படி இருக்க வேண்டும்: அமுக்கத் தரிப்பு தேவைப்படாத ஆழத்துக்கும் நேரத்துக்கும் உட்பட்டே இறங்குதல், அட்டவணை அனுமதிப்பதைவிடக் குறைந்த நேரமே கீழே இருத்தல், ஒவ்வொரு முறையும் 5 மீற்றரில் மூன்று நிமிடம் தரித்தல், எப்போதும் இருவராக இறங்குதல், படகிலும் கப்பலிலும் ஒட்சிசன் வைத்திருத்தல், யாரை, எந்த அலைவரிசையில், எந்த ஒழுங்கில் அழைப்பது என்பதை எழுதி ஒட்டுதல். பலமுறை இறங்கியவர் விமானம் ஏறுமுன் குறைந்தது 18 மணித்தியாலங்கள் காத்திருக்க வேண்டும் என்பதால், கடைசிச் சுழியோட்டத்தின் திகதி விமானச் சீட்டுக்கு முன்பே தீர்மானிக்கப்பட வேண்டும். சிலிண்டருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தின் உறிஞ்சுகுழாய், கப்பலின் புகைபோக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காபனோரொட்சைட்டு சிலிண்டருக்குள் போய்விடும். இதில் ஒன்றுகூட ஆடம்பரமானதல்ல. கடலட்டைக்கும் சங்குக்கும் சிலிண்டர் கட்டி இறங்கும் எமது இளைஞர்களுக்கும் இதே பௌதிகம்தான் பொருந்தும். அவர்களுக்குத்தான் இதைச் சொல்லிக்கொடுப்பவர் குறைவு.

ஒரு போத்தல் நீர்

இவ்வளவு தூரம் போய் எடுக்கும் நீர் ஒரு குமிழியால் பயனற்றுப் போகலாம். கடல்நீரின் காபன் நிலையை அறிய நான்கு அளவுகள் உள்ளன: பீஎச், மொத்தக் காரத்தன்மை, கரைந்துள்ள மொத்த அசேதனக் காபன், காபனீரொட்சைட்டின் பகுதி அமுக்கம். இவற்றில் இரண்டை நன்றாக அளந்தால், வெப்பநிலை, உவர்த்தன்மை ஆகியவற்றின் துணையோடு மற்ற இரண்டையும் கணிக்கலாம்.

நீர் காற்றோடு கலக்கக் கூடாது. போத்தலின் அடிவரை குழாயை விட்டு, குமிழி இன்றி நிரப்பி, நிறைந்த பின்னும் குறைந்தது ஒரு போத்தல் அளவு நீர் வழிந்தோட விட வேண்டும். பின்னர் நீர் விரிவடைவதற்குச் சிறிது இடம் விட்டு, இரசக் குளோரைட்டின் நிரம்பிய கரைசலைச் சேர்க்க வேண்டும். 500 மில்லிலீற்றர் போத்தலுக்கு 0.1 மில்லிலீற்றர் போதும். அது நுண்ணுயிர்களைக் கொன்று, நீர் எடுத்த கணத்தில் இருந்த நிலையைக் காக்கிறது. அது கொடிய நஞ்சு. கையுறை, பூட்டிய பெட்டி, அபாயகரமான பொருளுக்கான ஏற்றுமதிப் பத்திரம், கழிவைத் திருப்பிக் கொண்டுவரும் ஏற்பாடு எல்லாம் முன்பே வேண்டும்.

அளவீட்டின் தரம் பற்றியும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கடலின் குறுங்கால ஏற்றத்தாழ்வைப் பார்க்க பீஎச் அளவில் 0.02 வரையான பிழை பொறுக்கப்படும். பத்தாண்டுக்கணக்கில் நடக்கும் மெதுவான மாற்றத்தை நிரூபிக்க வேண்டுமானால் பிழை 0.003ஐத் தாண்டக் கூடாது. இரண்டாவதை அடைவதற்குச் சரிபார்த்த நியமக் கடல்நீர் தேவை. கலிபோர்னியாவிலுள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவகத்தில் அண்ட்ரூ டிக்சனின் ஆய்வுகூடம் தயாரித்த நியம நீரையே உலகெங்கும் ஆய்வாளர்கள் தமது கருவிகளை ஒப்புநோக்கப் பயன்படுத்தி வந்துள்ளனர். கடைகளில் விற்கும் சாதாரண பீஎச் மானி கடல்நீருக்கு நம்பகமானதல்ல.

ஒரு நாளின் வேலை எனது திட்டத்தில் இப்படி அமையும்: விடியுமுன் காலநிலைத் தீர்மானம், 'இறங்குவதில்லை' என்று சொல்லும் அதிகாரம் ஒவ்வொரு சுழியோடிக்கும் உண்டு, காரணம் கேட்கப்படாது. முதலாவது இணை பாறைக்கு அருகே கைப்போத்தலில் நீர் எடுக்கும். மண்ணும் சேறும் கிளம்புவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும். இரண்டாவது இணை அளவுநாடா விரித்து, சதுரச் சட்டம் வைத்து, கெல்ப் தண்டுகளையும் முள்ளெலிகளையும் எண்ணும். மூன்றாவது இணை கிளாத்ரோமோர்பம் திட்டிலிருந்து அனுமதித்த அளவு துண்டை மட்டும் வெட்டும். பொருத்திய உணரி இரவும் பகலும் அளந்துகொண்டிருக்கும். மாலையில் ஒவ்வொரு போத்தல் எண்ணும் குறிப்பேட்டு எண்ணும் இருவரால் சரிபார்க்கப்பட்டு, தரவு வெவ்வேறு இடங்களில் மூன்று பிரதிகளாக வைக்கப்படும். ஒரு போத்தலின் எண் அழிந்தால், அது எங்கிருந்து வந்த நீர் என்பதை எந்த ஆய்வுகூடமும் சொல்ல முடியாது.

எமது கடல்

எமது கடல் வெப்பமானது. அங்கே கெல்ப் காடுகள் இல்லை. ஆனால் மன்னார் வளைகுடாவிலும் யாழ்ப்பாணத் தீவுகளைச் சுற்றியும் உள்ள முருகைக்கற்கள் கல்சியம் காபனேற்றினால் ஆனவைதான். அதே காபனீரொட்சைட்டுதான் அந்த நீரிலும் கரைகிறது.

1998இல் இலங்கையின் தெற்கு, மேற்குக் கரையோர முருகைப் பார்கள் கடல் வெப்பத்தால் வெளிறியபோது, அங்கே அவற்றை முன்பே பார்த்துக் குறித்து வைத்தவர்கள் இருந்தார்கள். அதனால் எவ்வளவு இழந்தோம் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. அக்காலத்தில் வடக்கின் கடல் பெருமளவு தடைக்குள் இருந்தது. கடற்றொழிலாளரே போக முடியாத கடலுக்கு ஆய்வாளர் எப்படிப் போயிருப்பார்? முன்பு என்ன இருந்தது என்ற பதிவு இல்லாத இடத்தில், இழப்பை நிரூபிக்கும் சுமை இழந்தவர்மீதே விழுகிறது. காணி விடயத்திலும் ஆட்கள் விடயத்திலும் இதை நாம் கண்டிருக்கிறோம்.

பெரிய கப்பல் எமக்கு இப்போது தேவையில்லை. வாரத்தில் ஒரு நாள், அதே இடத்தில், அதே நேரத்தில், முறைப்படி எடுத்து முறைப்படி எண்ணிட்ட ஒரு போத்தல் நீரிலிருந்து ஒரு பல்கலைக்கழகமும் ஒரு கடற்றொழிலாளர் சங்கமும் சேர்ந்து தொடங்கலாம். முதல் சில ஆண்டுகளுக்கு அந்த எண்கள் எதையும் சொல்லமாட்டா. இருபதாவது ஆண்டில், அந்தக் கடலில் என்ன நடந்தது என்று எவராவது கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு ஒரு குறிப்பேடு இருக்கும்.